தெற்கே ஒரு சாண் உயரத்தில்

மேலூர்
வைகாசி 28

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த அலைச்சலில்தான் பதில் எழுதத் தாமதம். புழுக்கம் தாங்காமல் இரவில் எல்லோரும் மொட்டை மாடியில்தான் படுக்கிறோம்.

நேற்று பத்து மணி வாக்கில் தெற்கே ஆல்பா சென்டாரி நட்சத்திரத்தைப் பார்த்தேன். கையை நீட்டி அளந்தால் அடிவானத்துக்கு மேலே ஒரு சாண் உயரம்தான். அங்கே பளிச்சென்று இரண்டு நட்சத்திரம் தெரியும், அதில் இடப்பக்கம் இருப்பது. அது ஒன்றல்ல, இரட்டை நட்சத்திரம் என்று 1689இல் கண்டவர் ரிஷோ என்ற பாதிரியார். எங்கிருந்து தெரியுமா? புதுச்சேரியிலிருந்து! வால்நட்சத்திரம் பார்க்கப் போனவர் கண்ணில் இது பட்டிருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம்.

ஆனால் என் மனம் கிடப்பது அந்த இரட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது நட்சத்திரத்திடம். பிராக்சிமா. 4.24 ஒளியாண்டு தூரம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் அதுதான். ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1915 வரை யாருக்கும் அது இருப்பதே தெரியாது. சிவப்புக் குள்ள நட்சத்திரம், நிறை சூரியனில் எட்டில் ஒரு பங்குதான். திரியை இறக்கி வைத்த அரிக்கேன் விளக்கு மாதிரி மங்கலாக, பல லட்சம் கோடி ஆண்டுகள் எரியும். நம் சூரியன் அணைந்த பிறகும் அது எரிந்துகொண்டிருக்கும்.

2016இல் அதைச் சுற்றும் ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த ஆட்டத்தை ஒளியில் அளந்தார்கள். ஆட்டத்தின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். நாம் அழகர்கோவிலுக்கு நடந்து போவோமே, அந்த வேகம்! அவ்வளவு தொலைவில் இருப்பதை இங்கிருந்தே அளந்திருக்கிறார்கள் சேகர்.

அங்கே 11 நாளுக்கு ஒரு வருஷம். தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரத்தில் இருப்பதால் 'இரண்டாவது பூமி' என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. பிராக்சிமா அடிக்கடி கதிர்களைக் கக்கிச் சீறும் நட்சத்திரம். அதற்கு இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் கோளில் காற்று மிஞ்சியிருக்குமா என்பதே கேள்வி. 2022இல் இன்னொரு சின்னக் கோள் இருப்பதும் தெரிந்தது, அதற்கு வருஷம் 5 நாள்தான்.

அப்புறம், பக்கத்துத் தெரு வாத்தியார் எட்டு அங்குல டெலஸ்கோப் வாங்கியிருக்கிறார். பிராக்சிமாவைத் தேடிப் பார்ப்போம் என்கிறார். ஆனி பாதிக்குள் நிலா இல்லாத ஒரு சனிக்கிழமை வந்துவிடு. அம்மா உன்னை விசாரித்தார்கள்.

அன்புடன்,
ராமு