கேட்காமலே மூன்று தாள் அனுப்பியவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

புதிய கம்பெனி கையெழுத்துப் போட்ட சப்ளிமென்ட் ஜே-க்கு (நிலுவையில் இருக்கும் என் அமெரிக்க கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் புது வேலையோடு இணைக்கும் படிவம்) ரசீது வந்துவிட்டது. ஆட்குறைப்பில் என் வேலை போனது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி பழைய அலுவலகத்தின் எச்ஆர் அம்மையாருக்கு. தமிழ் தெரியாதவர் என்பதால் அவருக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதியாயிற்று. ஆனாலும் அவர் செய்ததன் அருமை நமக்குத்தான் புரியும். கணக்கு முடிக்கும் காகிதங்களோடு, யாரும் கேட்காமலே, மூன்று தாள்களை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்தார்: ஐ-140 ஒப்புதல் நோட்டீஸ், பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதற்படியாகத் தொழிலாளர் துறையிடம் கம்பெனி வாங்கும் சான்று) விண்ணப்பத்தின் முழு நகல், லெட்டர்ஹெட்டில் அனுபவக் கடிதம்.

ஐ-140 என்பது ஊழியரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு. நோட்டீஸ் அவர்களுக்கும் அவர்கள் வக்கீலுக்கும் போகும். பல இடங்களில் கேட்டாலும் தர மாட்டார்கள். ஒப்புதலாகி 180 நாள் தாண்டிவிட்டால், கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அது மட்டும் காரணமாக ஒப்புதல் ரத்தாகாது. மோசடி, பெரும் பிழை என்று ஏதும் இல்லாதவரை பிரயாரிட்டி தேதியும் (கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி) நம்முடையதே. ஆனால் அதைக் காட்டத் தாள் வேண்டுமே! எஃப்ஓஐஏ (தகவல் அறியும் சட்டம்) மனு போட்டு அரசிடம் வாங்கலாம்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனபின் கிடைக்கும் 60 நாள் கெடுவுக்குள் அது வந்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

பெரிய உதவி பெர்ம் நகல். ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசிக்கட்ட விண்ணப்பம்) போட்டு 180 நாள் ஆனவர்கள் அதே வேலைக்கோ அதையொத்த வேலைக்கோ மாறலாம் என்கிறது 2000-ஆம் வருடத்து ஏசி21 சட்டம். எதை எதோடு ஒப்பிடுவது என்பது பெர்மில்தான் இருக்கிறது. பெர்முக்கான பழைய 9089 படிவத்தில் எஃப் பகுதியில் எஸ்ஓசி குறியீடு (அரசு தரும் தொழில் வகை எண்), எச்-11 என்ற கட்டத்தில் வேலை விவரம். அந்தக் காலத்துப் பெர்ம்களில் சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு 15-1132 என்று இருக்கும். இன்றைய பட்டியலில் அந்த எண்ணே கிடையாது, 15-1252க்குள் போய்விட்டது. எண் மாறியிருக்கிறதே என்று சில வக்கீல்கள் தயங்குவதுண்டு. எச்-11ஐயும் புது வேலையின் பொறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தயக்கம் தீரும். பதவிப் பெயரை மட்டும் பார்ப்பதால் வருகிற குழப்பம்தான் அதிகம்.

அனுபவக் கடிதம், நாளைக்கு வேறொரு பெர்ம் தொடங்க நேர்ந்தால் உதவும். எச்ஆர் வழக்கமாகத் தரும் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார்' என்ற இரண்டு வரி அதற்குப் போதாது. பார்த்த வேலைகளின் விவரம், முழுநேரம் என்ற சொல், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இருந்தன. கடைசி வேலை நாளையும் செவரன்ஸையும் (வேலையை விட்டு நீக்கும்போது தரும் தொகை) தனித்தனியாகக் குறித்திருந்தார். 60 நாள் கணக்கு வேலை முடிந்த மறுநாளே தொடங்கிவிடும், செவரன்ஸ் வாங்குவதால் நீளாது. ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் கெடுவும் அதோடு முடிந்தது.

மற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு கும்பிடு. 485 நிலுவையில் இருக்கும்வரை இஏடியில் (வேலை அனுமதி அட்டை) வேலை பார்க்கலாம், ஆனால் அது மறுக்கப்பட்டால் ஒதுங்க இடம் எச்-1பிதான் என்று சொல்லி, கெடுவுக்குள் டிரான்ஸ்ஃபர் மனுவையும் போடவைத்த அண்ணன். கோப்ராவை (வேலை போன பிறகும் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் ஏற்பாடு) தேர்வுசெய்ய 60 நாள் அவகாசம் உண்டு, பிரீமியம் காப்பீட்டின் முழுச் செலவில் 102 சதவீதம் வரை போகும், பணம் கட்டினால் விட்ட நாளிலிருந்தே காப்பீடு சேரும் என்று கணக்குப் போட்டுத் தந்த தோழி. ரெஃபரல் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த பக்கத்து வீட்டு அக்கா. ஒருவரையும் மறக்க மாட்டேன்.

பழைய டீமில் அதே ஆட்குறைப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. லெட்டர்ஹெட் கிடைக்காவிட்டால் கூட வேலை பார்த்தவர் நோட்டரி முன் எழுதித் தரும் அஃபிடவிட்டையும் வக்கீல்கள் சேர்த்துக்கொள்வார்கள். நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்துக்கு நான் எழுதித் தருகிறேன். தேதிகளையும் பார்த்த வேலைகளையும் அனுப்புங்கள். நோட்டரி செலவு என்னுடையது.