மழைக்காலத்தில் சைக்கிளில் ஆபீஸ் போகும் சென்னை உறுப்பினர்களுக்கு

வணக்கம். மழை தொடங்கினால் முதலில் கெடுவது செயின்தான். நனைந்து வந்ததும் பழைய துணியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, 10 நிமிடம் கழித்து மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மிச்ச ஆயிலில் மணல் ஒட்டி, அரம் போலப் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

சக்கரத்தின் வளையத்தை (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் ஈரத்தில் தாமதமாகப் பிடிக்கும். சிக்னலுக்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பிரேக் கட்டையில் மணல் பதிந்திருக்கிறது, ஊசியால் கிளறி எடுங்கள். தேய்மானத்தைக் காட்டும் கட்டையின் பள்ளக்கோடு மறைந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கணேசபுரம், துரைசாமி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் இறங்காதீர்கள், சுற்றியே போங்கள்.