ஐஸ் பெட்டி தந்த கிள்ளை அக்காவுக்கு

வியாழக்கிழமை படகில் இலைகளை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் குடுவை இல்லாமல் தவித்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உப்பைத் தாங்க மரம் சேர்த்து வைக்கும் சர்க்கரை முதலியவற்றை அளக்கப் பறித்த பிச்சாவரத்து அலையாத்தி இலைகள் பத்திரமாக ஆய்வகம் வந்து சேர்ந்துவிட்டன. நேற்று ராத்திரிதான் கடைசிப் பை ஆல்கஹாலில் இறங்கியது.

முதல் நன்றி, கிள்ளையில் மீன் விற்கும் அக்காவுக்கு. அன்றைய வியாபாரத்துக்கு வைத்திருந்த ஐஸைத் தெர்மாகோல் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தீர்கள். "உப்புப் போடுங்க தம்பி, இன்னும் ஜில்லுனு இருக்கும்" என்று கல்லுப்பையும் அள்ளிப் போட்டீர்கள். காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டீர்கள். அந்த உப்பு என்ன செய்தது என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், அக்கா.

பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. மூச்சு விட்டுக்கொண்டே தன் சர்க்கரையை எரிக்கும். இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் படகுத் தட்டில் கிடந்த இலையை அளந்தால் கிடைப்பது மரத்தின் கணக்கல்ல, பைக்குள் நடந்ததன் கணக்கு. உருகும் வெறும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும். எடைக்கு மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு என்று கலந்தால் மைனஸ் 20 டிகிரி பக்கம் வரை இறங்கும். ஐஸைக் கட்டியாகப் போட்டால் உப்பு அடியில் தங்கிவிடும். எலுமிச்சை அளவுக்கு உடைத்து, அடுக்குக்கு அடுக்கு தூவ வேண்டும். இலைக்கு ஜிப் பை இரண்டு. ஓட்டை விழுந்து உப்புநீர் உள்ளே போனால் இலையின் சோடியம் கணக்கு போச்சு. உப்புப் போட்ட ஐஸ் சீக்கிரம் கரையும் என்பதால் வழியில் மறுபடி நிரப்பத்தான் வேண்டும்.

உறைந்த இலை இடையில் இளகினால், உறையவே வைக்காத இலையைவிட மோசம். ஐஸ் ஊசிகள் செல்லைக் கிழித்திருக்கும், நொதியும் சுக்ரோஸும் தடையில்லாமல் கலந்துவிடும். அதனால் பெட்டியிலிருந்து எடுத்த இலை நொதியை நிறுத்திச் சர்க்கரையை வெளியே எடுக்க நேராக 80 சதவீத எத்தனாலுக்குள் (ஆல்கஹால்) போனது. 80 டிகிரி வாட்டர் பாத் (வெந்நீர்த் தொட்டி), 20 நிமிடம், மூன்று முறை. தீ பக்கத்தில் கூடாது.

சிதம்பரத்தில் ஐஸ் நிரப்பித் தந்த ஐஸ் கம்பெனிக்காரர்கள், ஓடையில் வற்று நேரம் பார்த்துப் படகைத் திருப்பிய அண்ணன்மார், வனக் காவலர்கள், இரண்டு ராத்திரி வாட்டர் பாத்தை விட்டு நகராத மாணவர்கள், எல்லோருக்கும் கும்பிடு. சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் இலைச்சாறு, டானின் என்ற துவர்ப்புப் பொருளால் பழுப்பேறும் முன், அதைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. பொடி கொண்டுவந்து சேர்த்த தோழிக்கும்தான். வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தியின் இலையில் பூத்திருந்த உப்பை, எடை போடுமுன் ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தவர்களை விட்டுவிட முடியாது. அந்த உப்போடு எடை போட்டால் கிராம் கணக்கே பொய்.

சர்க்கரைச் சோதனையில், "சோனரேஷியாவில் நிறமே சரியா ஏறலையே, இலை வீணாப்போச்சா?" என்று மூன்றாவது அலையாத்தி மரத்தைப் பார்த்துப் பலர் பதறினீர்கள். வீணாகவில்லை. பீனாலும் கந்தக அமிலமும் சேர்த்து நிறம் வரவழைக்கும் அந்த முறையில், 490 நானோமீட்டர் ஒளியில் அளக்கும்போது தெரிவது குளுக்கோஸ், சுக்ரோஸ் போன்றவை. மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் அதில் நிறம் தராது, ஆனால் சோனரேஷியா சேர்த்து வைப்பது அதைத்தான். சுரபுன்னையின் இனோசிட்டால் வகைகளும் அப்படியே. இவற்றுக்கு உப்பை அயனிப் பிசினில் நீக்கிவிட்டு, பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவிக்குப் போக வேண்டும். வெண்கண்டலோ கிளைசின் பீட்டெயின் என்ற நைட்ரஜன் சேர்ந்த பொருளை நம்பியிருக்கிறது. அது சர்க்கரையே இல்லை, தனிச் சோதனை கேட்கும்.

உப்பைச் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் அடைத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் என்ற உயிர்க்கூழ் நீரிழக்காமல் இருக்க மரம் செலவு செய்து கட்டும் பொருட்கள் இவை. சேற்றில் நிற்கும் மரம் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு மதிய வெயிலில் தொலைத்திருப்போம் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

இனி எந்தப் படகு கிளம்பினாலும், நைட்ரஜன் குடுவை இருந்தாலும், மூன்று கிலோ கல்லுப்பும் பொடித்த ஐஸ் பத்துக் கிலோவும் கூடவே ஏறும்.

அக்கா, பெட்டியைக் கழுவிக் காயவைத்தாயிற்று. மூடியின் ஓரம் எங்கள் கையில் கொஞ்சம் உடைந்துவிட்டது, அதனால் புதுப் பெட்டியும் ஒன்று சேர்த்து வருகிறது. ஞாயிறு காலை ஏலம் தொடங்குமுன் ஐஸ் நிரப்பியே கொண்டுவந்து தருகிறோம்.