நீ கேட்ட கப்பல் பயணம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே. உன்னை எனக்குத் தெரியாதா!

நார்வே பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெர்கன் என்ற துறைமுக ஊரில் ஏறினோம். கரையை ஒட்டியே வடக்கே போய், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பினோம். சூதாட்ட மேடையும் ஆட்டம் பாட்டமுமாக இருக்கும் கப்பல் இல்லை இது. 1893-இல் தபாலும் சரக்கும் கொண்டுபோக ஆரம்பித்த தடம், இன்றைக்கும் 34 துறைமுகங்களில் நின்று நின்றுதான் போகிறது. சில ஊர்களில் கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைந்து பெட்டிகளை அள்ளிக்கொண்டு போகும். ஒரு ஊரில் யாருக்கோ சோபா வந்திறங்கியது. கயிற்றை அவிழ்த்தார்களோ இல்லையோ, கப்பல் நகர்ந்துவிடும். இவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஊர் சுற்றக் கூப்பிட்டால் கால் வலி, சரக்கு இறங்குகிறது என்றால் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓட்டம்! அதுவும் நடுராத்திரியில். ஜூனில் அங்கே ராத்திரி என்பது பேருக்குத்தான், வடகோடிக்குப் போனால் சூரியன் மறைவதே இல்லை.

எனக்குப் பிடித்த ஊர் ஓலெசுண்ட். 1904 ஜனவரியில் ஒரே ராத்திரியில் சுமார் 850 வீடுகள் எரிந்து, பத்தாயிரம் பேர் கொட்டும் குளிரில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மூன்றே வருஷத்தில் கல்லிலும் செங்கல்லிலும் ஊரைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதனால் நடு ஊர் முழுக்க ஒரே காலத்து வேலைப்பாடு: கூரான சிறு கோபுரங்கள், வாசல் வளைவுகளில் கொடியும் பூவும். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. துரோண்ட்ஹெய்ம் தேவாலயத்தைப் படத்தில் பார்த்துக்கொள், அதை எழுதி மாளாது. லோபோட்டன் தீவுகளில் மரச்சட்டங்களில் காட் மீனைத் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பே போடுவதில்லை, குளிர்காற்றில் தானே காய்ந்துவிடுகிறது. வாசனை மட்டும் கப்பல் வரை வந்தது.

உங்கள் வீட்டுக்காரரின் முழங்காலைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். பெரும்பாலும் கப்பல் துறையிலேயே கட்டுவதால், சின்னப் படகில் ஏறி இறங்கும் தொல்லை குறைவு. அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேள். ஆட்டம் அங்கேதான் குறைச்சல். வழி நெடுகத் தீவுகள் மறைப்பதால் கடல் அமைதிதான், ஆனால் ஸ்டாட் முனையிலும் வெஸ்ட்ஃபியோர்டிலும் மறைப்பு கிடையாது. நான் படுக்கையை விட்டு எழவில்லை, இவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது சட்டைக் காலருக்குள் ஒரு கரண்டி ஐஸ் போடுகிறார்கள். அதற்கு மட்டும் இவர் என்னை முன்னே தள்ளிவிட்டார்!

ஒன்று சொல்கிறேன், ஒருவழியோடு நிறுத்தாதே, திரும்புவதும் கப்பலிலேயே இருக்கட்டும். போகும்போது தூக்கத்தில் கடந்த ஊர்களில் பல, வரும்போது பகலில் வருகின்றன. அப்புறம், வடக்கு வானத்து ஒளியும் (அரோரா என்பார்களே, அதுதான்) நள்ளிரவுச் சூரியனும் ஒரே பயணத்தில் கிடைக்காது. ஒளி வேண்டுமென்றால் இருட்டுக் காலம், சூரியன் வேண்டுமென்றால் கோடை. உங்கள் இருவருக்கும் எது என்று பேசி முடிவு பண்ணி எழுது.

அன்புடன்,
உன் தோழி