போன தடவை மாம்பழம், இந்தத் தடவை இலை

திண்டுக்கல்,
24-3-2024

மாப்ளே,

டெல்லியிலிருந்து உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கட்சி இடம் மாறிக்கொண்டிருந்தது. சரி, எல்லாரும் ஓரிடத்தில் உட்காரட்டும் என்று காத்திருந்தேன். வேட்புமனு கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. இனி நகர்வதற்கு ஆளில்லை.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திரு என்கிறாள் உன் தங்கச்சி. அதனால் ஒரு வாரமாக டிவி பார்ப்பதில்லை, கேட்கிறேன். கூட்டணிப் பேச்சைக் கேட்க மட்டும் செய்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. குரல் அதேதான், ஆறு மாதத்துக்கு முன் இதே குரல் யாரைத் திட்டியது என்பதும் ஞாபகம் வந்துவிடுகிறது.

"நேற்று வரை வாய்க்கு வந்தபடி பேசியவர்களோடு இன்று சால்வை மாற்றிக்கொள்கிறார்களே, உங்கள் ஊர்க் கட்சிக்காரனுக்குக் கூச்சமே கிடையாதா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது மாப்ளே. தலைவர்களைப் பற்றி நான் சொல்ல முடியாது, கிளைச் செயலாளருக்கு நிச்சயமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து திமுகவின் அறிவாலயத்திலும் பாமக ராமதாஸின் தைலாபுரத்திலும் விழுகிறது. வீடு வீடாக ஏறிப் பதில் சொல்வது இவர்தானே.

நம் மாட்டுக்கொட்டகைச் சுவர் உனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்த சுவர் என்பதால் எல்லாத் தேர்தலுக்கும் கிராக்கி. பாதி அதிமுகவுக்கு, பாதி திமுகவுக்கு என்று அப்பா காலத்திலிருந்தே கணக்கு. 2019-ல் அதிமுக கூட்டணியில் திண்டுக்கல் பாமகவுக்குப் போனது. பாமக கொடிக்கம்பம்கூட இல்லாத ஊரில், இலைக்காரர்களே ஏணி போட்டு ஏறி மாம்பழம் வரைந்தார்கள். திமுக 5 லட்சத்து 38 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. இப்போது பாமக பாஜக பக்கம் போய், அங்கேயும் இதே திண்டுக்கல்லை வாங்கிவிட்டது. அதே மாம்பழம், வேறு தோட்டம். அதிமுக தன் பங்குக்குத் தொகுதியை முஸ்லிம்கள் அதிகமுள்ள எஸ்டிபிஐ கட்சிக்குக் கொடுத்து, சின்னத்தை மட்டும் இரட்டை இலையாகவே வைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் திமுக, மார்க்சிஸ்ட்டுகளிடமிருந்து கோவையை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் திண்டுக்கல்லைத் தந்துவிட்டது. ஆக திமுக, அதிமுக, பாஜக மூன்றில் எதற்கும் இங்கே சொந்தக் கட்சி ஆள் கிடையாது.

அதிமுக கிளைச் செயலாளர் போன தடவை மோடி படம் போட்ட நோட்டீஸைக் கொடுத்தவர். இந்தத் தடவை எஸ்டிபிஐ வேட்பாளருக்குக் கேட்க வேண்டும். "எப்படிப்பா சமாளிக்கிறே?" என்றேன். "யாரா இருந்தா என்னண்ணே, இலை வந்துருச்சுல்ல, அது போதும்" என்றார். சின்னம் ஒரு மனிதனை எவ்வளவு காப்பாற்றுகிறது பார். சுண்ணாம்பு அடித்து மாம்பழத்தை மறைத்துத்தான் இலை வரைந்தார்கள். ஒரு பூச்சோடு விட்டதால் இரண்டு இலைக்கும் நடுவில் மஞ்சள் தெரிகிறது.

திமுக பையனுக்கு வேறு வருத்தம். அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியை, மாவட்டத்தில் இரண்டு மந்திரிகள் இருந்தும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று முனகிக்கொண்டேதான் வந்தான். சூரியன் அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரும். மார்க்சிஸ்ட்டுகளின் அரிவாள் எந்தப் பக்கம் வளைகிறது என்று செல்போனைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். ஆனால் அவன் வேலை செய்துவிடுவான். கோபமெல்லாம் தலைமைமேல்தான், தோழர்கள்மேல் இல்லை. ஓட்டு இடம் மாறுமா மாறாதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான். எத்தனை சதவீதத்தோடு எத்தனை சதவீதத்தைக் கூட்டினால் என்ன வரும் என்ற டிவிக்காரர்கள் கணக்கு எனக்கு ஒட்டவில்லை.

இதை நான் கற்றது உங்கப்பாவிடம். 1973 இடைத்தேர்தல் ஞாபகமிருக்கிறதா? நமக்குப் பதினொரு வயது. இரட்டை இலை முதன்முதலாக ஜெயித்தது நம் ஊரில்தான், மாயத்தேவரை வைத்து. உங்கப்பா காமராஜர் கட்சி. அந்த ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாவது, ஆளும் திமுக மூன்றாவது என்றதும் திமுக தோற்ற சந்தோஷத்தில் நமக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஏழே வருஷம். 1980 ஜனவரியில் அதே மாயத்தேவர் திமுக வேட்பாளராக உதயசூரியனில் நிற்கிறார், இந்திரா காங்கிரஸ் ஆதரவோடு. நெருக்கடி நிலையில் ஆட்சியைக் கலைத்து, மிசாவில் உள்ளே போட்டவரைத்தான் "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று கலைஞர் கூப்பிட்டார். அதற்குள் மூப்பனாரோடு இந்திரா பக்கம் வந்துவிட்ட உங்கப்பா, ஆயுளில் முதல் தடவையாகச் சூரியனில் குத்திவிட்டு வந்து, யாரிடமும் பேசாமல் தலைக்குக் குளித்தார். நீ சிரித்ததற்கு அடி வாங்கினாய்.

அந்தக் கூட்டணி 39-ல் 37 இடம் எடுத்தது. அடுத்து எம்ஜிஆர் ஆட்சியைக் கலைத்து மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வைத்தார்கள். அதே கூட்டணி, பாதிக்குப் பாதி இடம். எம்ஜிஆர் 129 இடத்தோடு திரும்பி வந்தார். மே மாதம் உங்கப்பா ஓட்டுப் போடவே போகவில்லை. டெல்லிக்காக ஒருமுறை விழுங்கிவிட்டார், கோட்டைக்காக இன்னொரு முறை அவரால் விழுங்க முடியவில்லை. அவரைப் போல எத்தனை பேர் வீட்டிலேயே இருந்தார்களோ.

ராமதாஸ் விஷயத்தை நீ விரிவாகக் கேட்டிருக்கிறாய், அதில் விரிக்க ஒன்றுமில்லை. 98-ல் அதிமுக, 99-ல் திமுக இருந்த அணி, 2001-ல் அதிமுக, 2004-ல் திமுக. 2009-ல் மத்திய மந்திரி பதவிகளை விட்டுவிட்டு மறுபடி அதிமுக பக்கம் வந்து, நின்ற ஏழும் போனது. இந்தத் தடவையும் அதிமுகவோடுதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, 19-ஆம் தேதி காலையில் பாஜகவோடு பத்து இடத்துக்குக் கையெழுத்து, அன்றைக்கே சேலத்தில் பிரதமர் மேடையில் ஐயா. வடமாவட்டத்தில் பலம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தூக்கிப் போய்க்கொண்டே இருந்தால் வழியில் கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்.

எனக்கு ஆச்சரியம் திமுக கூட்டணிதான். போன செப்டம்பரில் எடப்பாடி பாஜகவை விட்டு வெளியே வந்ததும், விடுதலைச் சிறுத்தைகளோ கம்யூனிஸ்டுகளோ அதிமுக பக்கம் போவார்கள் என்று நானும் நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. ஆளுக்கு இரண்டு இடம் என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாசம் என்று சொல்ல மாட்டேன். எதிரி யார் என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை, அதனால் இடத்தில் தகராறு பெரிதாகவில்லை. வடக்கே அந்தத் தெளிவுதான் இல்லை. பாட்னாவில் எதிர்க்கட்சிகளின் முதல் கூட்டத்தைக் கூட்டிய நிதிஷ் குமாரே ஜனவரியில் பாஜக பக்கம் போய் ஒன்பதாவது தடவையாக முதலமைச்சர் ஆகிவிட்டார். தாத்தா சரண் சிங்குக்குப் பாரத ரத்னா அறிவித்ததும் ஜெயந்த் சவுத்ரிக்கும் அதே பக்கம் வழி தெரிந்துவிட்டது. 1999-ல் ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கி வாஜ்பாய் ஒரே ஓட்டில் கவிழ்ந்த அன்று, "உங்க ஊர்க்காரங்களால எங்க ஆபீஸ்ல தலைகாட்ட முடியலடா" என்று எஸ்டிடி பூத்திலிருந்து கத்தினாயே. இப்போது உங்கள் ஊர்க்காரர்கள் முறை.

அப்புறம், உனக்கு ஓட்டுப் பதிவு மே 25 அல்லவா? மயூர் விஹார் கிழக்கு டெல்லியில் வருகிறது, காங்கிரஸ் கூட்டணியில் ஆம் ஆத்மிக்குப் போன நாலில் ஒன்று. காங்கிரஸுக்கு மூன்றுதான். பஞ்சாபில் இரண்டு பேரும் எதிரெதிர், அதை விடு. உங்கள் காங்கிரஸ் ஷீலா தீட்சித்தைத் தோற்கடித்த ஆம் ஆத்மி கெஜ்ரிவாலை நீ எத்தனை கடிதத்தில் வைதிருக்கிறாய் என்று எடுத்துப் பார்த்தேன். எழுத்து இப்போது நன்றாகத் தெரிகிறது. அவரைக் கைது செய்த அன்று ராத்திரி போனில் உன் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. எங்களுக்கு ஏப்ரல் 19-லேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு சும்மாதான் இருப்பேன். ஆம் ஆத்மியின் துடைப்பத்தில் அழுத்திவிட்டு வந்து குளித்தாயா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது.

தங்கச்சி உன்னை விசாரித்தாள்.

உன் பழைய மாப்ளே