கொஞ்சம் குனிந்து பாருங்கள்

வட அமெரிக்காவின் ராக்கி மலைக் காடுகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆஸ்பென் மரக் காடு என்றதும் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். வெள்ளைத் தண்டும், காம்பு தட்டையாக இருப்பதால் சின்னக் காற்றுக்கே படபடக்கும் இலையும் அப்படி. ஆனால் காட்டின் கதை முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

ஊசியிலைக் காட்டைவிட ஆஸ்பென் அடியில் வெயில் நன்றாக இறங்கும். அதனால் வறண்ட சரிவில்கூடத் தரை சும்மா கிடக்காது. ஸ்நோபெர்ரி, சர்வீஸ்பெர்ரி, காட்டு ரோஜா, நடுவே புல்லும் பூச்செடிகளும். ஓரத்தில் சேஜ்பிரஷ் புதர் எட்டிப்பார்க்கும். அந்தப் புதருக்குள் பென்சில் பருமனில் ஒரு குச்சி நிற்கும். வேரிலிருந்து கிளம்பிய கன்று. வாழையடி வாழை என்போமே, அப்படி. ஆஸ்பென் விதை பிழைக்க நீடித்த ஈரம் வேண்டும். வறண்ட சரிவில் பெரும்பாலும் இந்தக் கன்றுதான் கதி.

அதன் நுனியைப் பாருங்கள். கடிபட்டு, பக்கத்தில் கிளைத்து, அதுவும் கடிபட்டு, தேய்ந்த துடைப்பம்போல் நிற்கிறதா? பல வருடங்களாக எழ முயன்று தோற்ற கன்று அது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பாண்டோ என்ற ஆஸ்பென் தோப்பு, சுமார் 43 ஹெக்டேரில் ஒரே வேரிலிருந்து ஏறத்தாழ 47,000 தண்டுகளாக நிற்கும் ஒரே உயிர். அதற்கே இந்த நிலைமை: மான் மேய்ந்த பக்கம் முதிய மரங்கள் சாய, ஈடுகட்ட இளசுகள் இல்லை, வேலி சரியாக நின்ற இடத்தில் கன்றுகள் தலையெடுத்தன.

அப்புறம், கென்டக்கி புளூகிராஸ் என்ற புல். பெயர்தான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவிலிருந்து. மற்றவை மேய்ச்சலில் அழிய, இது பாய் விரித்தாற்போல் பரவும். தரையில் அது மட்டும் பச்சையாக இருந்தால் செழிப்பு என்று எழுதிவிடாதீர்கள். பூச்செடிகள் போனபின் மிஞ்சிய பச்சை அது.

முதிய தோப்பை வெட்டினாலோ எரித்தாலோ கன்றுகள் பீறிட்டு வரும், சரி. மரத்தின் மேலிருந்து இறங்கி, வேர் துளிர்ப்பதை அடக்கிவைத்த ஹார்மோன் நின்றுவிடுகிறதே. ஆனால் அவற்றுக்கு ஊட்ட வேரில் சேமிப்பு வேண்டாமா? 2002 வறட்சிக்குப் பின் கொலராடோவில் தோப்பு தோப்பாகக் காய்ந்தது உங்களுக்குத் தெரியும். அப்படிக் களைத்துப்போன தோப்பை வெட்டி, வந்த கன்றுகளையும் மேயவிட்டால் மிச்ச சேமிப்பும் போச்சு.

ஆகவே கோடரிக்கும் தீக்கும் முன்னால் அந்தச் சரிவில் மாட்டு மேய்ச்சலை நிறுத்துங்கள். கன்றுகளின் நுனி வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை மேய்ச்சலுக்குத் திறக்காதீர்கள். எல்க் மானுக்கு உத்தரவு செல்லாது. அதற்கு உயரமான வேலிதான்.

அன்புடன்,
ஒரு தாவர ஆர்வலர்