மேசைக்காரனின் பங்கு

தக்கலை

அன்புள்ள மக்களே,

சீட்டுக்கட்டைப் பற்றி நீ போனில் சொன்னவற்றைத் தேடிப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆட்டின் என்னும் இதயச் சீட்டு ராஜா தன் தலையில் தானே வாளைச் செருகுவதுபோல் தெரிவதற்குக் காரணம், பழைய சீட்டில் அவர் பிடித்திருந்த கோடரியின் முனை, ஒன்றைப் பார்த்து ஒன்றை அச்சிட்டு வந்ததில் மறைந்துபோனதுதான். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுகளில் இருந்த போலோ மட்டை, அந்த விளையாட்டை அறியாத ஐரோப்பியரிடம் சென்றதும் வெறும் தடியாகிவிட்டது. இத்தனையையும் நினைவில் வைத்திருப்பவன் என் பிள்ளை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உன் அம்மையிடம் ஐந்து நிமிடம் பேச உனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

நம் படிப்பகத்துத் திண்ணையில் இன்றும் மாலையானால் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் நடக்கிறது. முப்பத்திரண்டு சீட்டு, ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவையும் ராணியையும் விட்டுவிட்டு ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் முதலிடம் தரும் இந்த வழக்கம், டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் போன்ற ஐரோப்பிய ஆட்டங்களில் துருப்புச் சீட்டுக்கு உள்ளது. அங்கிருந்தே இது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டச்சுக்காரர்கள் நம் பக்கம் வந்தவர்கள்தானே. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் படையிடம் தோற்ற டச்சுக்காரர்களின் தளபதி டிலனாய், இங்கேயே தங்கி, இறந்தபின் உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இருபத்தெட்டில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்வார். பணம் எதுவும் கைமாறாது. சீட்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீ அடிக்கடி சொல்லும் கிறிஸ் மணிமேக்கர் கதையையும் படித்தேன். அமெரிக்காவின் டென்னசியில் கணக்கராக இருந்தவர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடி, 2003-இல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் சீட்டாட்டப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்தப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள் மக்களே. மற்ற 838 பேரைப் பற்றி நீ ஒருநாளும் சொன்னதில்லை. கையில் ஐந்து சீட்டு சேரக்கூடிய விதங்கள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஒரே இனத்தில் பத்து முதல் ஆஸ் வரை சேரும் ராயல் ஃபிளஷ் நான்கே நான்கு. ஒரு ஜோடிகூடச் சேராத கைகள் 13,17,888, அதாவது பாதிக்கும் மேல். இந்தக் கணக்கை உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இது திறமை, சூது அல்ல என்று நீ சொல்வாய். ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, பந்தயம் வைத்து ஆடப்படும் ஆட்டத்தில் இடம் கொடுப்பவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்கிறது. அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. போக்கரில் நீ, ஆட்டத்தை நடத்தும் மேசைக்காரனுக்கு எதிராக ஆடுவதில்லை. அவன் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறான். நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள். நான்கு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் உட்கார்ந்து, மொத்தம் ஐந்நூறு ரூபாய் சேரும் பந்தயம் நாற்பது முறை நடந்தால், ஒருவர் கொண்டுவந்த ஆயிரமும் மேசைக்காரனிடம் போய்விடுகிறது. நால்வரும் சம திறமைசாலிகள் என்றால், போகப்போக நால்வருக்கும் நட்டம்தான். மற்றவர்களை வெல்வது மட்டும் உனக்குப் போதாது. அந்தப் பங்கையும் சேர்த்து வெல்லவேண்டும். இங்கிலாந்தில் அரசே ஒவ்வொரு கட்டுக்கும் வரி வாங்கியது. வரி கட்டியதற்கு அடையாளமான இஸ்பேட் ஆஸைப் போலியாக அச்சிட்ட குற்றத்துக்கு ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் தூக்கிலிட்டார்கள். சீட்டைத் தொடாமல் சம்பாதிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நான் நிம்மதியடைந்தேன். பணம் வைத்து ஆடாதே என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், பணம் வைத்து ஆடாதே.

மழையால் ரப்பர் வெட்டு நின்றிருக்கிறது. உன் தங்கைக்குத் தேர்வு நன்றாகப் போனது. இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்கு இயலவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கடன் நிறுவனத்திலிருந்து வீட்டு எண்ணுக்கு அழைத்து, உன் முழுப்பெயரையும் என் பெயரையும் சொல்லித் தவணை கேட்டார்கள். எண் மாறி வந்த அழைப்பு என்று உன் அம்மையிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அவளே எடுத்தால் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. வேர்க்கிளம்பி நிலம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும், உன் சித்தப்பா அதன்பிறகு யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை என்பதும் தெரியும்.

எவ்வளவு, எத்தனை இடத்தில், எந்தத் தேதிக்குள் என்று மட்டும் எனக்குத் தெரிவி. கடிதமாக எழுதினால் அம்மை பிரித்துவிடுவாள். காலையில் பத்து மணிக்கு மேல் அவள் கோயிலுக்குப் போயிருப்பாள், அப்போது என் போனுக்குக் கூப்பிடு. வைப்புநிதியை முன்கூட்டியே எடுக்க முடியுமா என்று வங்கியில் ஏற்கெனவே விசாரித்திருக்கிறேன்.

அப்பா